ஆறு புள்ளிகளும் ஒரு போர்வீரரும்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் வெற்றி தோல்விகளையும் இறந்தோர் தொகையையும் குறித்துவிட்டு ஏட்டை மூடிவிடுவது வழக்கம். ஆனால், காயமுற்று உயிரோடு மீண்டவனுடைய வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது. வைத்தியசாலையை விட்டு வெளியேறிய பின் அவன் எவ்வாறு வாழ்ந்தான், எதற்காக வாழ்ந்தான் என்று கேட்போர் சிலரே. இருபதாவது வயதிற் கண்பார்வையை இழந்து, அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, அவ்வாண்டுகளிற் பெரும்பகுதியைப் பார்வையற்றோர் பணிக்கே ஈந்த ஒருவருடைய வரலாறு இவ்வகையில் அறியத்தக்கது. அவர் பெயர் சேர் குளூதா மெக்கென்சி. நியூசிலாந்திற் பிறந்த அவருடைய தொண்டின் பயனைத் தமிழ் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகள் இன்றும் தம் விரல் நுனியிற் பெற்று வருகின்றனர்.

மெக்கென்சி 1895 ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தையார் சேர் தோமஸ் மெக்கென்சி 1912 ஆம் ஆண்டிற் சில மாதங்கள் நியூசிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்து, பின்னர் இலண்டனில் அந்நாட்டின் உயர் ஸ்தானிகராகக் கடமையாற்றியவர். முதலாம் உலகப் போர் மூண்டபோது மகன் வெலிங்டன் குதிரைப்படையிற் சாதாரண வீரராகச் சேர்ந்தார். கலிப்பொலியின் செங்குத்தான மலைகளிற் குதிரைகளுக்கு வேலை இருக்கவில்லை. குதிரைவீரரும் தரைப்படையாகவே போரிட்டனர். 1915 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுனூக் பாயிர் என்னும் மலையுச்சிக்காக நடந்த கடும் போரில், வெடித்த எறிகுண்டு ஒன்று அவருடைய பார்வையைப் பறித்தது. நியூசிலாந்துப் படை பேரிழப்போடு கைப்பற்றிய அவ்வுச்சியைச் சில நாட்களிலேயே துருக்கியர் மீட்டுக்கொண்டனர். அப்போர் முயற்சி ஏன் தோல்வியுற்றது என்று ஆராயப் பின்னர் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவில் நியூசிலாந்தின் சார்பில் அமர்ந்தவர் தந்தையார் தோமஸ் மெக்கென்சியே. மகனின் கண்ணொளியைக் கொண்ட போரின் கணக்கைத் தந்தையே கேட்க நேர்ந்தது.

அக்காலத்தில் இலண்டனிற் சென் டன்ஸ்டன்ஸ் என்னும் நிலையம் தோன்றியிருந்தது. பத்திரிகை அதிபராக விளங்கிப் பின் பார்வை இழந்த சேர் ஆதர் பியர்சன் 1915 இல் அதனை நிறுவினார். பார்வை இழந்த படைவீரன் இரக்கத்துக்குரியவன் அல்லன், பயிற்சிக்குரியவன் என்பதே அவருடைய கொள்கை. அந்நிலையத்திற் பயின்ற மெக்கென்சி, விரைவிலேயே நியூசிலாந்துப் படையினருக்கென வெளிவந்த இதழின் ஆசிரியரானார். போர் முடிந்து தாயகம் திரும்பியபின் 1921 இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டு, ஓராண்டு அளவில் அங்கு இருந்தார். அரசியல் அவரை நெடுநாள் வைத்திருக்கவில்லை. 1923 முதல் 1938 வரை ஒக்லாந்து நகரிலிருந்த பார்வையற்றோர் நிலையத்தின் பணிப்பாளராக இருந்து, நாடெங்கும் நிதி திரட்டி அதனை வளர்த்தார். 1935 இற் சேர் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் அவரை இந்தியாவுக்கு அழைத்தது. அப்போரில் இந்தியப் படையிற் சேர்ந்தோர் 25 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பார்வை இழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1943 இல் டேராடூன் நகரில் ஒரு பயிற்சி விடுதி தொடங்கப்பெற்றது. தாம் இளமையில் இலண்டனிற் பெற்றதை மெக்கென்சி அங்கே பிறருக்கு வழங்கினார். போர்வீரருக்கு ஒரு விடுதி அமைந்தது. ஆயின், போர்க்களத்தையே காணாத பார்வையற்ற குடிமக்களின் நிலை என்ன? அதனை ஆராய்ந்த கூட்டுக் குழுவின் அறிக்கை 1944 இல் வெளிவந்தது. அவ்வாராய்ச்சியிலும் மெக்கென்சிக்குப் பெரும்பங்கு உண்டு. பிரிவினைக்கு முந்திய இந்தியாவிற் பார்வையற்றோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் என அறிக்கை மதிப்பிட்டது.

இவர்களுக்குக் கல்வி அளிப்பதற்கு முதலில் வேண்டியது எழுத்து. பிரான்சிய நாட்டு லூயி பிரெயில் வகுத்த முறையில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் 63 வடிவங்களைப் பெறலாம். அவ்வடிவங்களை இந்திய மொழிகளுக்குப் பொருத்தும் வேலையைப் பாளையங்கோட்டை, கல்கத்தா முதலிய இடங்களிற் பள்ளிகளை நடத்தியோர் தத்தமக்கு ஏற்றவாறு செய்துகொண்டனர். அதனால் ஓரிடத்தில் அச்சிட்ட நூல் வேறிடத்துக்கு உதவவில்லை. பிரெயில் நூலோ பருமனானது, செலவு மிக்கது. வாசிப்போர் தொகை சிறிது. அச்சிறு தொகையும் பல குறியீடுகளாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொருவரும் தம் குறியீடே சிறந்தது என்றனர். 1940 களில் ஒரு பொதுக் குறியீட்டை ஆக்க எடுத்த முயற்சியும் எல்லோருடைய இசைவையும் பெறவில்லை.

1949 இல் இந்திய அரசாங்கம் இப்பிணக்கை யுனெஸ்கோ நிறுவனத்தின் முன் வைத்தது. அந்நிறுவனம் ஆலோசகராக அழைத்தது மெக்கென்சியையே. 1950 இற் பாரிஸ் நகரிலும், 1951 இற் பேரூத் நகரிலும் மாநாடுகள் கூடின. மொழியியல் அறிஞர்களும், தாமே விரலாற் படிக்கும் பார்வையற்றோரும் கலந்து ஆராய்ந்தனர். ஒத்த ஒலிக்கு, எம்மொழியிலும், இயன்றவரை ஒத்த புள்ளிகளே அமைய வேண்டும் என்னும் கொள்கை வென்றது. அதன்படி ஆங்கிலத்தில் ‘எம்’ என்னும் எழுத்துக்குரிய புள்ளிகளே தமிழில் மகரத்துக்கும் உரியன. ஒரு மொழியைக் கற்ற விரல் மற்றொரு மொழிக்குச் செல்லும்போது யாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

இவ்வாறு 1951 இல் உருவானதே பாரதி பிரெயில். பாரத நாட்டின் பெயரால் அமைந்தது அது. கவிஞர் பாரதியாரின் பெயரால் அன்று. இலங்கையும் பின்னர் அதனைத் தழுவிக்கொண்டது. ஆகவே பாக்கு நீரிணையின் இரு கரையிலும் தமிழுக்கு விரலெழுத்து ஒன்றே. அதில் ஒரு நயமும் உண்டு. ‘கொ’ என்று அச்சில் எழுதும்போது உயிரின் குறி மெய்யின் இரு பக்கத்தும் நிற்கின்றது. பிரெயிலிலோ முதலிற் ககரம், அதனை அடுத்து ஒகரம். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தமிழ் இலக்கணம் கூறும் முறை. கண்ணுக்குரிய எழுத்தில் மறைந்து கிடக்கும் அம்முறை விரலுக்குரிய எழுத்தில் வெளிப்பட நிற்கின்றது.

இவ்வெற்றி மெக்கென்சி ஒருவருடையது அன்று. இந்திய அறிஞர் பலருடைய உழைப்பும் அதில் அடங்கும். ஆயினும், பிணங்கி நின்றோரை ஒன்றுகூட்டுவதற்கு, இருளைத் தாமே அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. அவர் உலகப் பிரெயில் மன்றத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். உலக மொழிகளின் பிரெயில் வடிவங்களைத் திரட்டிய நூல் 1953 இல் வெளிவந்தது. அதன் பின்னரும் ஓய்வை நாடாமல் உகண்டா நாடு சென்று, பார்வையற்றோர் வேளாண்மை பயில வழிவகுத்தார். 1966 இற் காலமானார்.

சுனூக் பாயிர் உச்சியை நியூசிலாந்துப் படையினர் தம் வசம் வைத்திருந்தது இரண்டொரு நாட்கள் மாத்திரமே. அங்கே கண்ணை இழந்த வீரர் பிறருக்காகத் தேடித் தந்த எழுத்தோ பல தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றது. ஊனமுற்றவனுக்கு உலகம் பெரும்பாலும் பிச்சையையே நீட்டுகின்றது. அவன் கேட்பது தொழிலையும் எழுத்தையும் என்பதைத் தம் ஐம்பது ஆண்டு வாழ்க்கையால் உணர்த்தியவர் குளூதா மெக்கென்சி.