சேற்றுவிளிம்பின் சான்று: ஐதராபாத்தும் கரைப்பறவைப் படங்களும்

1908ஆம் ஆண்டு மூசி ஆற்றுவெள்ளத்தின் பின்விளைவாக ஐதராபாத்தில் எழுந்தவை உஸ்மான் சாகரும் (1920) இமாயத் சாகரும் (1927). நீர் வடியும் மாதங்களில் வெளிப்படும் இவற்றின் சேற்றுவிளிம்பே பொரி உள்ளான், நெடுங்கால் உள்ளான், செம்மூக்கு ஆள்காட்டி ஆகியவற்றின் இரைக்களம்.

1931–32இல் நிஜாம் அரசில் சாலிம் அலி நடத்திய பறவைக் கணக்கெடுப்பு, சுட்டுச் சேகரித்துப் பதப்படுத்திய தோல்களைச் சான்றாகக் கொண்டது. தோல் இனத்தையும் அளவையும் உறுதிசெய்யும்; பறவை நின்ற சேற்றைக் காட்டாது. அக்குறையை நிரப்ப வல்லது ஒளிப்படம். ஆயின், பின்புலத்தை மங்கச்செய்து பறவையை மட்டும் துலக்கும் இன்றைய வழக்கம் படத்தையும் தோலாக்கிவிடுகிறது.

இவ்விரு நீர்த்தேக்கங்களைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை கட்டுமானங்களைக் கட்டுப்படுத்திய 1996ஆம் ஆண்டின் 111ஆம் எண் அரசாணையை 2022இல் தெலங்கானா அரசு தளர்த்தியது. இனிக் கரை சுருங்குமாயின், நாளும் இடமும் நீர்விளிம்பும் பதிந்த எளிய உள்ளான் படமே அதற்குச் சான்றாக நிற்கும்.