உறைபனியற்ற ஃபிரிட்ஜில் மீண்டும் மீண்டும் ஐஸ் கட்டுதல்

உறைபனியற்ற ஃபிரிட்ஜ் என்பது தன் கூலிங் காயிலில் படியும் பனியைத் தானே உருக்கி வெளியேற்றிக்கொள்ளும் குளிர்சாதனப் பெட்டி. கடைகளில் ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ என்று விற்கப்படுவதும் வீடுகளில் ‘டபுள் டோர்’ என்று அழைக்கப்படுவதும் பெரும்பாலும் இதுவே. ஒற்றைக் கதவு ‘டைரக்ட் கூல்’ ஃபிரிட்ஜில் ஃப்ரீசரின் சுவரே காயில் என்பதால் பனி கண்முன் படியும். பொத்தானை அழுத்தி உருக்கிவிடுவோம். டபுள் டோரிலும் பனி அன்றாடம் படியத்தான் செய்கிறது. ஆனால் காயில் ஃப்ரீசரின் பின் பலகைக்கு அப்பால் மறைந்திருப்பதால், அது படிவதும் உருகுவதும் நமக்குத் தெரிவதில்லை. உருக்கும் ஏற்பாட்டில் பழுது வந்துவிட்டால் பனி சேர்ந்துகொண்டே போய்ப் பலகையைத் தாண்டித் தலைகாட்டும். ஃபிரிட்ஜை ஒருநாள் அணைத்துவைத்தால் சரியாகிவிடும். பத்து நாளில் திரும்பவும் வந்து நிற்கும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் இந்தப் பழுதின் அடையாளம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இது அபூர்வமான நிலை அல்ல. அதே காற்று ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மீதி முழுவதும் எங்காவது படிந்தாக வேண்டும். பெட்டிக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த இடமான காயிலில் படிகிறது.

ஐஸ் கட்டினால், கதவை அடிக்கடி திறப்பதுதான் காரணம் என்று வீட்டில் சமைப்பவர் மீது பழி போடுவது வழக்கமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 லிட்டர் பெட்டியின் காற்று முழுவதும் ஒரே திறப்பில் வெளிக்காற்றாக மாறினாலும் உள்ளே வரும் நீர் 6 கிராம்தான். நாளைக்கு 30 தடவை திறந்தாலும் 180 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். காயிலுக்கென்று உள்ளே இருக்கும் 200 வாட் உருக்கு ஹீட்டர் 20 நிமிடம் எரிந்தால் வரும் வெப்பம், கணக்குப்படி, அந்த அளவைப்போல மூன்று மடங்கு பனியை உருக்கப் போதுமானது. ஆகவே கதவைத் திறப்பது கரன்ட் பில்லைக் கூட்டலாமே தவிர, நல்ல நிலையில் உள்ள ஃபிரிட்ஜை ஐஸ் மலையாக்காது. அந்தப் பழியை இறக்கிவைத்துவிட்டுப் பழுதான பாகத்தைத் தேடுவதே முறை.

உருக்கும் ஏற்பாடு

காயிலுக்கு அடியிலோ அதன் தகடுகளோடு ஒட்டியோ ஒரு ஹீட்டர் இருக்கும். அலுமினியக் குழாயாகவோ கண்ணாடிக் குழாயாகவோ அமைந்திருக்கும். டைமர் என்ற சிறு பெட்டி, மாடலைப் பொறுத்து 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு ஹீட்டருக்கு மின்சாரத்தை மாற்றிவிடும். காயிலின் குழாயைக் கவ்விக்கொண்டிருக்கும் பைமெட்டல் தெர்மோஸ்டாட், பனி உருகிக் காயில் சூடேறியதும் ஹீட்டரைத் துண்டிக்கும். பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் நிற்காமல் எரிந்தால், பெரும்பாலும் 70 முதல் 77 டிகிரிக்குள் அறுந்துவிடுமாறு ஒரு தெர்மல் ஃப்யூஸும் உண்டு. ஹீட்டர், பைமெட்டல், ஃப்யூஸ் மூன்றும் ஒரே வரிசையில் இணைந்தவை. மூன்றில் எது அறுந்தாலும் உருக்கம் நடக்காது.

உருகிய நீர் காயிலுக்குக் கீழுள்ள சரிவான தட்டில் விழுந்து, டிரெயின் துளை வழியாகப் பின்புறக் குழாயில் இறங்கி, கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டுக்குப் போகும். கம்ப்ரசரின் சூட்டில் அங்கே ஆவியாகிவிடும். புதிய மாடல்களில் டைமருக்குப் பதில் எலெக்ட்ரானிக் போர்டும், பைமெட்டலுக்குப் பதில் சென்சாரும் இருக்கின்றன, வேலை அதேதான்.

உருக்குமுன் பார்க்க வேண்டியது

முதல் அறிகுறி பெரும்பாலும் ஃப்ரீசரில் தெரிவதில்லை. மேலே ஐஸ்கிரீம் கல்லாக இருக்கும். கீழ்த்தட்டில் இட்லி மாவு பொங்கிப் புளித்துக் கிடக்கும், பால் திரியும். கீழறைக்கென்று தனிக் காயில் இல்லாத சாதாரண டபுள் டோரில், மேலிருந்து ஃபேன் தள்ளும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. காயிலின் தகடுகளுக்கிடையே பனி அடைத்துக்கொண்டால் காற்று நகராது. பிறகு ஃபேன் இறக்கை பனியில் உரசி ‘டர்ர்’ என்று சத்தம் எழுப்பும். கம்ப்ரசர் இரவும் பகலும் நிற்காமல் ஓடும்.

இந்த நிலையில் எல்லோரும் முதலில் செய்வது ஃபிரிட்ஜை அணைத்து ஐஸை உருக்குவது. அது தடயத்தை அழிக்கும் வேலை. பனி எந்த இடத்தில், எந்த உருவில் சேர்ந்திருக்கிறது என்பதிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பின் பலகையின் திருகுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பலகை பனியோடு ஒட்டியிருந்தால் நெம்பக் கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஓரத்தில் ஒற்றினால் விட்டுக்கொடுக்கும்.

காயில் முழுவதும் ஒரே சீராக, தகடுகளே தெரியாமல் வெள்ளைச் செங்கல்போல இருந்தால் உருக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை. காயிலின் ஒரு மூலையில் மட்டும் பந்துபோல் பனி கட்டி, மற்ற பகுதி வெறுமனே இருந்தால் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கிறது. அப்போது ஃப்ரீசரே சரியாகக் குளிர்ந்திருக்காது. ஃப்ரீசரின் தரையில் கண்ணாடிபோல் தெளிந்த கட்டி ஐஸ் இருந்தால் அது நீராக ஓடி உறைந்தது, டிரெயின் அடைத்திருக்கிறது. கதவு ஓரத்திலும் முன்பக்கப் பொட்டலங்கள் மீதும் பஞ்சுபோல மென்பனி பூத்திருந்தால் வெளிக்காற்று ஓயாமல் கசிகிறது. கதவின் ரப்பர் பட்டையான கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். பஞ்சுப்பனி நீராவியிலிருந்து நேராகப் படிந்தது, கட்டி ஐஸ் தண்ணீரிலிருந்து உறைந்தது என்ற இந்த வேறுபாடு மிகவும் பயன் தருவது. ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டால் வரும் மெக்கானிக்கிடம் காட்டலாம்.

தவறான ரிப்பேர் ஏன் பலிக்கிறது

‘கூலிங் இல்லை’ என்றதும் ‘கேஸ் போய்விட்டது’ என்று சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு கேஸ் ஏற்றிவிட்டுப் போவது ஊரெங்கும் நடக்கிறது. அந்த வேலை முடியும்வரை ஃபிரிட்ஜ் பல மணி நேரம் அணைந்து கிடக்கிறது, அதற்குள் காயில் பனி தானாக உருகிவிடுகிறது. மறுநாள் கீழறை ஜில்லென்று இருக்கும், வீட்டாருக்கு நிம்மதி. டைமரோ ஹீட்டரோ பழுதானபடியேதான் இருப்பதால் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய கதை. பிறகு தெர்மோஸ்டாட், அதன் பிறகு கம்ப்ரசர் என்று செலவு நீளும். ஃபிரிட்ஜை ஒருநாள் அணைத்துவைக்கும் எந்த ரிப்பேரும் சில நாளைக்கு வெற்றிபோலத் தோன்றும் என்பதை ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது மிக அவசியம். அணைத்துவைத்ததாலேயே நன்றாக ஓடும் ஃபிரிட்ஜில் கேஸ் இருக்கிறது என்றே பொருள்.

சோதனை

டைமர் உள்ள மாடலில் சோதனையை அங்கிருந்து தொடங்கலாம். டைமரின் நடுவில் உள்ள திருகு முனையை ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கமாக மெல்லத் திருப்பினால் ஒரு ‘கிளிக்’ கேட்கும், கம்ப்ரசர் நிற்கும். காயில் குளிர்ந்திருக்கும்போது இதைச் செய்து காதை ஃப்ரீசருக்கு அருகில் வைத்தால், ஹீட்டர் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில், சில நிமிடங்களில் உருகும் சொட்டுகள் சூடான குழாயில் விழுந்து ‘ஸ்ஸ்’ என்று பொரியும். கையால் திருப்பினால் உருக்கம் நடக்கிறது, தானாக நடக்கவில்லை என்றால் டைமரின் மோட்டார்தான் பழுது. திருப்பியும் சூடு வரவில்லை என்றால் மற்ற மூன்றையும் மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். அதற்குமுன் பிளக் கட்டாயம் பிடுங்கியிருக்க வேண்டும்.

230 வோல்ட்டில் இயங்கும் 200 வாட் ஹீட்டர் சுமார் 265 ஓம் காட்டும். 150 வாட் என்றால் சுமார் 350. முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. ஃப்யூஸ் குளிரிலும் அறை வெப்பத்திலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே காட்ட வேண்டும்.

பலரும் ஏமாறும் இடம் பைமெட்டல். அறை வெப்பத்தில் அது திறந்துதான் இருக்கும். அதைப் பழுது என்று தூக்கிப்போடுகிறார்கள். குளிர்ந்த பிறகு மூடுகிறதா என்று பார்ப்பதே சோதனை. பல பைமெட்டல்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால்தான் மூடும் என்பதால் வெறும் ஐஸ் போதாது. நொறுக்கிய ஐஸில் ஒரு கை கல்லுப்பைக் கலந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பைமெட்டலை அதில் புதைத்து, பத்து நிமிடம் கழித்து மீட்டர் வைக்க வேண்டும். ஐஸும் உப்பும் சேர்ந்தால் மைனஸ் 20 டிகிரியை நெருங்கும். அப்போதும் திறந்தே இருந்தால் மாற்றிவிடலாம். அதன் மூடி உப்பியிருந்தால் மீட்டரே தேவையில்லை. உள்ளே நீர் புகுந்துவிட்டது.

ஃப்யூஸ் அறுந்திருந்தால் அது ஏன் அறுந்தது என்று கேட்க வேண்டும், பைமெட்டல் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஃப்யூஸை எடுத்துவிட்டு இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஒட்டிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வீட்டையே எரிக்கக்கூடிய வேலை. பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் சூழ்ந்த அந்த இடத்தில் ஹீட்டரைத் தடுக்க வேறு ஒன்றும் இல்லை.

டிரெயினும் கேஸ்கெட்டும்

டிரெயின் துளையை வெந்நீர் ஊற்றித் திறக்கலாம். சிரிஞ்சு இருந்தால் எளிது. ஹீட்டர் நன்றாக இருந்தும் துளை மட்டும் திரும்பத் திரும்ப உறைந்தால், ஹீட்டர் குழாயில் ஒரு செம்பு அல்லது அலுமினியக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைத் துளைக்குள் தொங்கவிடுவது வழக்கமான தீர்வு. உருக்கத்தின்போது கம்பி வழியே சூடு இறங்கித் துளையைத் திறந்துவைக்கும்.

கேஸ்கெட்டுக்குள் காந்தப்பட்டை இருக்கிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும். கதவைச் சுற்றி எட்டுப் பத்து இடங்களில் இப்படிப் பார்க்கலாம். இரவில் எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடினால் ஒளி கசியும் இடமும் தெரியும். மடங்கிப்போன ரப்பரை வெந்நீர்த் துணியால் மென்மையாக்கி நேராக்கலாம், கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

குறைந்த மின்னழுத்தம்

ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட் 180 ஆகிவிட்டால் 200 வாட் ஹீட்டர் சுமார் 122 வாட்தான் தரும். டைமர் அதே நேரத்துக்குத்தான் விடும். பனி அரைகுறையாக உருகி மீதி நின்றுவிடும், அடுத்த முறை அதன் மேலேயே படியும். பாகம் எதுவும் பழுதாகாமலே கோடையில் ஐஸ் கட்டும் வீடுகளில் மாலை நேர வோல்டேஜைப் பார்த்துவிடுவது நல்லது.

பழுது நீங்கிய பின்

பாகத்தை மாற்றியதும் உடனே ஓடவிடக் கூடாது. காற்றுப் பாதையிலும் டிரெயின் குழாயிலும் மறைந்திருக்கும் ஐஸை ஹீட்டரின் சூடு எட்டாது. இரண்டு கதவுகளையும் திறந்துபோட்டு 24 மணி நேரம் விட வேண்டும். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்திப் பெயர்க்கவே கூடாது. காயில் மெல்லிய அலுமினியம், ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். இப்போதைய பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடிய வாயு என்பதால் அருகில் நெருப்பும் ஆகாது.

ஓடவிட்ட இரண்டு மூன்று நாள் கழித்து, கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதில் ஈரமோ கொஞ்சம் தண்ணீரோ நின்றால் ஹீட்டரும் டிரெயினும் இரண்டுமே வேலை செய்கின்றன. தட்டு காய்ந்து தூசியோடு கிடந்தால் பின் பலகையை இன்னொரு முறை கழற்ற வேண்டியிருக்கும்.