நூற்பும் தொடக்கக் கல்வியும்: கோவை – திருப்பூர் வட்டாரத்தில் ஆதாரக் கல்விச் சிந்தனை (1930–1954)

பனியன் நகரமாக அறியப்படுவதற்கு முன்பே திருப்பூர் நூலின் ஊராக இருந்தது. 1925இல் நிறுவப்பட்ட அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. சுற்றுவட்டச் சிற்றூர்ப் பெண்கள் இராட்டையில் நூற்றுக் கூலி பெற்றனர். அந்நூல் கதராகி வெளியூர்களுக்குச் சென்றது. பின்னல் எந்திரங்கள் இவ்வூருக்கு வந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். நூற்பு இங்கு வெறும் அரசியல் அடையாளம் அன்று. பல குடும்பங்களின் வருவாய். ஆகவே அது பள்ளிக்கூடத்துக்குள் பாடமாக நுழைந்தபோது எழுந்த வினா, பிற வட்டாரங்களைவிட இங்குக் கூர்மையானது. குழந்தையின் கை செய்யும் வேலை குழந்தைக்கு உரியதா, துணிக்கு உரியதா?

திருப்பூரில் 1903இல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். பின்னர் அது பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்றது; அங்கு 1934இல் காந்தி அடிக்கல் நாட்டினார். ஆசிரியரும் மாணவரும் உடனுறைந்து பயிலும் குருகுல அமைப்பு அது. தமிழகத்தில் ‘குருகுலம்’ என்ற சொல்லின் மீது அப்போது ஒரு கறை இருந்தது என்பதை மறத்தலாகாது. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம், சாதிவாரியாகப் பந்தி பிரித்த பூசலில் 1925இல் சிதைந்திருந்தது. ஐந்தே ஆண்டுகளில் சாதி வேறுபாடின்றி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அதே வடிவத்தை மீண்டும் முயன்றது துணிவான செயலே.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஏழாண்டுக் கட்டாயக் கல்வியை முன்வைத்தது. அதற்குப் பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் தமிழர் இருவர் இருந்தனர். ஒருவர் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. மற்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஈ. டபிள்யூ. ஆரியநாயகம், குழுவின் அமைப்பாளர். இவர் தாகூரின் சாந்திநிகேதனில் பணியாற்றிவிட்டு வார்தாவுக்கு வந்தவர். பாட்டும் ஓவியமும் கூடிவாழ்தலும் கல்வியின் உயிர் என்ற சாந்திநிகேதனின் எண்ணமும், உழைப்பே கல்வியின் அடித்தளம் என்ற காந்தியின் எண்ணமும் அவர் ஒருவரிடத்திலேயே சந்தித்தன.

ஆனால் அச்சந்திப்பு பாட அட்டவணையில் எவ்வாறு முடிந்தது? குழு வகுத்த பள்ளி நாள் ஐந்தரை மணி நேரம். அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். சமூகப் பாடத்துக்கும் பொது அறிவியலுக்கும் சேர்த்து 30 நிமிடம். இசை, ஓவியம், கணிதம் மூன்றும் ஒரு 40 நிமிடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. உடற்பயிற்சிக்கும் இடைவேளைக்கும் பத்துப் பத்து நிமிடங்கள். தக்ளி சுழற்றும் நேரத்திலேயே கணக்கும் நிலவியலும் பருத்தியின் வரலாறும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது கொள்கை. அதற்குத் தேர்ந்த ஆசிரியர் தேவை; அவர் இல்லாத பள்ளியில் எஞ்சுவது மூன்றேகால் மணி நேர நூற்பு மட்டுமே.

மாணவர் செய்பொருளின் விற்பனையால் ஆசிரியர் ஊதியத்தை ஈட்டலாம் என்று காந்தி எதிர்பார்த்தார். பள்ளிச் சரக்கு தொழிலாளரின் சரக்கோடு போட்டியிடும் என்று கே. டி. ஷா மாநாட்டிலேயே எதிர்த்தார். திருப்பூர் வட்டாரத்தை மனத்திற்கொண்டு நோக்கின் இவ்வெதிர்ப்பின் நியாயம் விளங்கும். சிறுவன் பள்ளியில் நூற்கும் சிட்டம் சந்தையில் எதிர்கொள்வது பெரும்பாலும் அவனுடைய ஊர்ப் பெண்களின் சிட்டத்தையே. பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடக்கூடும் எனக் குழுவின் அறிக்கையும் எச்சரித்தது. எச்சரித்த பின்னரும் அட்டவணையை மாற்றவில்லை.

வித்யாலயத்தில் கலை தழைத்ததற்கு அட்டவணையைவிட ஆசிரியர்களே காரணம் எனலாம். அங்குப் பல ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்த பெ. தூரன் கணிதப் பட்டதாரி. தமிழிசைப் பாடல்கள் இயற்றியவர். நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர். உளவியல் நூல்கள் எழுதியவர். பின்னாளில் அவர் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வகுப்பறை அனுபவத்தின் நீட்சியாகக் காண இடமுண்டு. அதை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகமும், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் உருவாக்கியதே. ஆயினும் தூரனைப் போன்றவர்களை ஒவ்வோர் ஊராட்சிப் பள்ளிக்கும் அனுப்ப எந்த அரசாணையாலும் இயலாது.

1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொணர்ந்த மாற்றத்தைப் பலர் ஆதாரக் கல்வியின் தொடர்ச்சியாகவே கருதுகின்றனர். இக்கருத்து திருத்தத்துக்குரியது. அத்திட்டத்தின்படி பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் சிறுவர் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ஆதாரப் பள்ளியில் உழவன் மகனும் நெசவாளி மகனும் தோல் தொழிலாளி மகனும் ஒரே தக்ளியைச் சுழற்றினர். தொழிலைத் தேர்ந்தது பள்ளி. 1953இன் திட்டத்தில் தொழிலைத் தேர்ந்தது பிறப்பு. ஆசிரியரும் அவ்விடத்திலிருந்து அகன்றார். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் ‘குலக்கல்வி’ என்று அதற்கு இட்ட பெயர் மிகையன்று. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே, கொங்கு நாட்டவரான கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார்.

அவ்வெதிர்ப்பின் வெப்பத்தில் ஆதாரக் கல்வியும் சேர்ந்து வாடியது. கோத்தாரி கல்விக்குழு (1964–66) ‘பணி அனுபவம்’ என்ற பெயரில் அதன் ஒரு பகுதியை மட்டும் மீட்டது. 1980களில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது திருப்பூர்ச் சிறுவர்களின் கைகள் மீண்டும் நூலைத் தொட்டன. இம்முறை பள்ளிக்கு வெளியே, பனியன் கம்பெனிகளில் கைமடிப்பவர்களாகவும் பிசிறு வெட்டுபவர்களாகவும். அவர்களை மீட்க வந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளிலும் எழுத்தறிவோடு தொழிற்பயிற்சி ஒரு பாடமாக வைக்கப்பட்டிருந்தது.