பேனாவின் உடம்பு: ரப்பரிலிருந்து ரெசின் வரை

பேனாவின் வரலாறு என்றாலே எல்லோரும் நிப்பையும் மையையும் பற்றித்தான் எழுதுவார்கள். நாம் விரலால் பிடிக்கிறோமே, அந்த உடம்பு எதனால் ஆனது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

முதலில் வந்தது எபோனைட். ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் மரக்கட்டை போல இறுகிவிடும். 1851-ல் அமெரிக்கர் நெல்சன் குட்இயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். மை இதை அரிக்காது, லேத்தில் கடையலாம், மரையும் போடலாம். அதனால் ஆரம்பகால பவுண்டன் பேனாக்கள் பெரும்பாலும் இதில்தான் செய்யப்பட்டன. ராஜமுந்திரியிலும் நம் திருவள்ளூரிலும் இன்றும் எபோனைட்டைக் கையால் கடைபவர்கள் இருக்கிறார்கள். குறை என்னவென்றால், வெயில் பட்டால் கறுப்பு பழுப்பாகிவிடும். நிறங்களும் குறைவு.

அடுத்தது செல்லுலாய்டு. இதில் என்ன கலந்திருக்கிறது தெரியுமா? நாம் சாமிக்கு ஏற்றும் கற்பூரம்! நைட்ரோசெல்லுலோஸுடன் கற்பூரம் சேர்த்தால் பளபளப்பான பிளாஸ்டிக் கிடைக்கும். ஷீஃபர் நிறுவனம் 1924-லும் பார்க்கர் 1926-லும் இதற்கு மாறின. பச்சை, சிவப்பு, முத்து நிறம் என்று பேனாக்கள் அழகாயின. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும்.

1941-ல் பார்க்கர் '51' வந்தது. அதற்கென்று தயாரித்த, சட்டென்று உலரும் மை செல்லுலாய்டைக் கெடுத்துவிடும். அதனால் லூசைட் என்ற அக்ரிலிக்கைப் பயன்படுத்தினார்கள். போர் விமானங்களின் கண்ணாடி போன்ற மூடிகளும் அக்ரிலிக்தான்.

இந்த மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. என்ன நிறம், என்ன கோலம் என்பதை முடிவு செய்தது தொழிற்சாலை. லேத் வைத்திருப்பவர் வாங்கி வந்த கம்பியைச் செதுக்க மட்டும்தான் முடிந்தது.

அதை மாற்றியது வார்ப்பு ரெசின். 1930-களில் ஆய்வகங்களில் உருவான பாலியெஸ்டர், எபாக்சி ரெசின்கள் பிற்பாடு வீட்டுப் பட்டறைகளுக்கும் வந்தன. வேலை இதுதான். ஒரு சிறிய பித்தளைக் குழாயை உப்புத்தாளால் தேய்த்து, அதன் மேல் தபால்தலையோ பறவை இறகோ ஒட்ட வேண்டும். உள்ளே ரெசின் போகாதபடி இரு முனைகளையும் அடைத்து அச்சில் வைக்க வேண்டும். பிறகு ஹார்டனர் கலந்த தெளிவான ரெசினை ஊற்ற வேண்டும். காற்றுக் குமிழிகள் சுருங்குவதற்காக, இறுகும்வரை அழுத்தக் கலத்தில் வைப்பார்கள். பிறகு லேத்தில் கடைந்து மெருகேற்றினால், கண்ணாடிக்குள் இருப்பது போல அந்தத் தபால்தலை தெரியும்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. இறுகாத ரெசின் தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல், கையுறையும் காற்றோட்டமும் அவசியம். இறுகிய பின்போ உருக்கி மறுபடி வார்க்க முடியாது. தபால்தலைக்கு மேல் ஒரே ஒரு குமிழி நின்றாலும் அது அங்கேயே நிற்கும். தொழிற்சாலையின் கையிலிருந்த முடிவு செய்பவரின் கைக்கு வந்தபோது, பொறுப்பும் கூடவே வந்துவிட்டது.

அடுத்த முறை பழைய பேனா ஒன்று கிடைத்தால், அது ரப்பரா, கற்பூரமா, ரெசினா என்று கொஞ்சம் பாருங்கள்!