வளவு காடான கதை

ஆட்கள் குடியிருந்த வளவு காடாவதற்கு எத்தனை வருடம் வேண்டும்? முசலிப் பிரதேசத்துக்கு இருபது வருடங்கள் போதுமாக இருந்தன.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலிருந்த மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்களும் குஞ்சு குருமான்களோடு புறப்பட்டனர். பெரும்பாலானோருக்குப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களே வீடாயின.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபின் ஊர் பார்க்கப் போனவர்கள் தங்கள் வீடுகளையே தேட வேண்டியிருந்தது. நான் அவ்வூரவன் அல்லன். முதியவர் ஒருவரின் பின்னால் நடந்து பார்த்தவன். நாயுண்ணியும் இலந்தையும் கால் வைக்க விடவில்லை. தண்ணீர் காணாத தென்னைகள் பட்டுப்போயிருந்தன. புளியும் வேம்பும் மட்டும் ஆளில்லாமலே பருத்திருந்தன. தூர்ந்த கிணற்றுக் கட்டைக் கண்டதும் அவர் நின்றார். "சேர், இதில இருந்து பதினைஞ்சு எட்டு வைச்சா எங்கட குசினி" என்றார். எண்ணி நடந்தோம். கத்தியால் கொத்திப் பார்த்தபோது சீமெந்துத் தரை தட்டுப்பட்டது.

இந்தத் தரையைக் காகிதம் அறியாது. 2012 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானி இப்பகுதிக் காணிகளை ஒதுக்கக் காடுகளாகப் பிரகடனப்படுத்தியது. 2017 மார்ச்சில், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மொஸ்கோவில் இருந்தபடி மாவில்லுப் பேணற்காட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். அதன் பரப்பு 40,030 ஹெக்டயர். தங்கள் குடிநிலங்களும் மேய்ச்சல் தரைகளும் எல்லைக்குள் அகப்பட்டுவிட்டன என்பது மக்களின் முறைப்பாடு.

காடு அழிக்கப்படவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாற்றில் சட்டத்துக்கு மாறாகக் காடு வெட்டப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. அதை மறைத்துப் பேசினால் நமது நியாயமான கோரிக்கையே பழுதாகும். ஆனால் கன்னிக் காடு வேறு, வளவில் முளைத்த காடு வேறு. பின்னதற்குள் கிணறு இருக்கும், மையவாடி இருக்கும், வரிசையாக நட்ட புளி இருக்கும். தானாக முளைக்கும் மரம் வரிசையில் நிற்பதில்லையே!

மறிச்சுக்கட்டி நேற்று முளைத்த பெயருமல்ல. 1906இல் அங்கு நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யச் சென்றவர்களுள் இளம் சிவில் அதிகாரியாக இருந்த லெனார்ட் வூல்ஃபும் ஒருவர்.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் ஓரளவு ஆறுதல் தந்தது. பயங்கரவாதச் செயல்களால் காணிக்குப் போகமுடியாதிருந்தவருக்கு எதிராக, 1983 மே தொடக்கம் 2009 மே வரையான காலம் கணக்கில் எடுக்கப்படலாகாது என்பது அதன் சாரம். அது பிறத்தியார் பிடித்த காணிக்கு உதவும். காணியைப் பிடித்தது மரமென்றால் யார்மீது வழக்கு வைப்பது?

உறுதிகள் பல, வீடுகளோடு போயின. எஞ்சிய சாட்சி மனிதரின் ஞாபகம்தான். எந்தக் கிணறு யாருடையது, எந்தப் புளிவரை யாருடைய வளவு என்று காட்டத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். புத்தளத்தில் பிறந்த அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் புளி எங்கே நிற்கிறது என்று தெரியாது.