முகாம் ஊர்தி

முகாம் ஊர்தி அல்லது கேம்பர் வேன் என்பது உறங்குவதற்கும் சமைப்பதற்கும் ஏற்ற வசதிகள் உள்ளேயே அமைக்கப்பட்ட சிறு வேன் ஆகும். இதனினும் பெரிய வகைகள் கேரவன் எனப்படுகின்றன. எனினும் தமிழ்நாட்டில் கேரவன் என்னும் சொல் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியையே குறிக்கிறது. 1950 முதல் 1979 வரை ஐரோப்பாவில் தயாரிக்கப்பட்ட முகாம் ஊர்திகள் இன்று சேகரிப்பாளர்களால் பெரும் விலைக்கு வாங்கப்படுகின்றன. அதே வகை வேன்கள் இந்தியச் சாலைகளிலும் ஓடின. ஆனால் இங்கு அவை வீடுகளாக அன்றி, உழைக்கும் ஊர்திகளாகவே பயன்பட்டன. சேலம் மாவட்டத்தின் ஏற்காடு போன்ற மலை ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் இப்பழைய ஊர்திகளின் திறனையும் வரம்பையும் ஒருங்கே காட்டுவன.

தோற்றம்

முகாம் ஊர்திகளுள் மிகவும் அறியப்பட்டது செருமனியின் வோக்ஸ்வாகன் டைப் 2 ஆகும். நெதர்லாந்தைச் சேர்ந்த இறக்குமதியாளர் பென் பொன் 1947 ஏப்ரல் 23 அன்று தம் குறிப்பேட்டில் வரைந்த எளிய படமே இதன் தொடக்கம். 1950 மார்ச்சில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் இதன் தொடர் தயாரிப்பு தொடங்கியது. முதல் வேன்களின் எந்திரம் 1131 கன செ.மீ. கொள்ளளவும் 25 குதிரைத்திறனும் கொண்டது. அது வண்டியின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருந்தது. 1951-இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் இவ்வேனுக்கெனக் கழற்றி மாட்டக்கூடிய மரச்சாமான் தொகுதி ஒன்றை உருவாக்கியது. வார நாட்களில் சரக்கு ஏற்றிய அதே வண்டியை விடுமுறை நாட்களில் வீடாக மாற்றிக்கொள்ள முடிந்தது.

முதல் தலைமுறை வேன்கள் செருமனியில் 1967 வரையிலும், இரண்டாம் தலைமுறை 1979 வரையிலும் தயாரிக்கப்பட்டன. பிரேசில் நாட்டில் தயாரிப்பு 2013 இறுதி வரை நீடித்தது. 2014 முதல் காற்றுப்பைகளும் ஏ.பி.எஸ். பிரேக்கும் அங்கு கட்டாயமானதால் அதுவும் முடிவுக்கு வந்தது.

ஈர்ப்புக்கான காரணங்கள்

இவ்வூர்திகளின் ஈர்ப்புக்கு அவற்றின் எளிமையே முதற்காரணம் எனலாம். காற்றால் குளிர்விக்கப்படும் எந்திரம் என்பதால் இதில் ரேடியேட்டரோ நீரோ இல்லை. மின்னணுக் கட்டுப்பாடு இல்லாததால், சாதாரணக் கருவிகளைக் கொண்டு சாலையோரத்திலேயே பல பழுதுகளை நீக்கலாம். முன்பகுதியில் எந்திரம் இல்லாமையால், சிறிய வண்டியாயினும் உள்ளே இடம் மிகுதி. 1960களின் மேற்கத்திய இளைஞர் இயக்கங்களோடு இவ்வேன் இணைத்துப் பார்க்கப்படுவது மற்றொரு காரணமாகும்.

இந்தியாவிற்கு வந்த தரைவழி

1960களின் நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பிய இளைஞர் பலர் இசுதான்புல், தெகுரான், காபூல், லாகூர் வழியாகத் தரைவழியே இந்தியாவுக்கு வந்தனர். பேருந்துகளோடு இவ்வகை வேன்களும் இப்பயணங்களில் பயன்பட்டன. ஈரானியப் புரட்சியும் ஆப்கானித்தானில் சோவியத் படைகளின் நுழைவும் 1979-இல் இவ்வழியை மூடின.

இவ்வாறு வந்த ஊர்திகள் பொதுவாகக் கார்னே எனப்படும் சுங்க ஆவணத்தின்கீழ் அனுமதிக்கப்படுவன. குறிப்பிட்ட காலத்திற்குள் ஊர்தி நாட்டை விட்டு வெளியேற வேண்டும். தவறினால் இறக்குமதித் தீர்வை முழுவதையும் செலுத்த நேரிடும். தீர்வை மிக உயர்வாக இருந்ததால், வந்த வேன்களை இங்கேயே விற்றுச் செல்வது எளிதாக இல்லை. வோக்ஸ்வாகன் நிறுவனமும் அக்காலத்தில் இந்தியாவில் ஊர்திகளைத் தயாரிக்கவில்லை.

இந்தியத் தயாரிப்பு வேன்கள்

இந்தியாவில் இவ்வகையில் பெயர்பெற்றது மெட்டடோர் ஆகும். புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் 1969 முதல் 2000 வரை இதைத் தயாரித்தது. இந்நிறுவனம் 2005 முதல் போர்ஸ் மோட்டார்ஸ் எனப்படுகிறது. மெட்டடோர், செருமனியின் அனோமாக் எஃப் வரிசை வேனின் இந்திய வடிவமாகும். முன்சக்கர இயக்கமும் தாழ்ந்த தரையும் கொண்ட அதே வேன் செருமனியில் முகாம் ஊர்தியாகவும் மாற்றப்பட்டது. இங்கோ அது பள்ளி வேனாகவும் மருத்துவ ஊர்தியாகவும் சரக்கு வண்டியாகவும் ஓடியது. இதன் புகழால், எந்த நிறுவனத்தின் வேனையும் மெட்டடோர் என்றே மக்கள் அழைத்ததும் உண்டு.

சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் பிரித்தானிய அட்லசு வேனின் வழிவந்த ஸ்டாண்டர்டு 20 என்னும் வேனைத் தயாரித்தது. ஐரோப்பாவில் ஆண்டிற்குச் சில வாரங்களே ஓடிய முகாம் ஊர்திகள் கொட்டகைகளில் காக்கப்பட்டன. இந்திய வேன்களோ நாள்தோறும் ஓடித் தேய்ந்து, உடைப்பதற்கு விற்கப்பட்டன. இங்கு அவை சேகரிப்புப் பொருளாக மாறாமைக்கு இதுவே முதன்மையான காரணம் எனலாம்.

ஏற்காட்டு மலைச் சாலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் சுமார் 1200 மீட்டர் ஏறுகிறது. பழைய வேன்களுக்கு இத்தகைய சாலை இரு சிக்கல்களைத் தருகிறது.

முதலாவது ஏற்றம். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. ஆகவே கார்புரேட்டர் உள்ள எந்திரத்தின் திறனும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். காற்றால் குளிரும் எந்திரத்தில் விசிறி எந்திரத்துடனேயே சுழல்வதால், தாழ்ந்த கியரில் சுழற்சி குறையாமல் ஏறுவதே முறையாகும். உயர் கியரில் திணறி ஏறினால் எந்திரம் விரைவில் சூடேறும்.

இரண்டாவது இறக்கம். 1700 கிலோ எடையுள்ள வண்டி 1200 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 2 கோடி ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. சுமார் 60 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். பழைய டிரம் பிரேக்குகள் இவ்வெப்பத்தால் பிடிப்பை இழக்கக்கூடும். எனவே ஏறிய கியரிலேயே இறங்கி, எந்திரத்தின் இழுவையால் வேகத்தை அடக்குதல் வேண்டும்.

விலை உயர்வு

1963-ஆம் ஆண்டின் 23 சன்னல்கள் கொண்ட சம்பா வகை வேன் ஒன்று 2011-இல் ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 2,17,800 டாலருக்கு விற்றது. 2017-இல் அங்கு மற்றொரு சம்பா 3,02,500 டாலரை எட்டியது. இவை விதிவிலக்கான விலைகளே எனினும், ஏனைய வேன்களின் விலையையும் மேலே இழுத்தன. துருப்பிடித்தலால் எஞ்சியவை குறைந்துகொண்டே வருவதும், சீரமைக்கத் தகடு வேலை அறிந்தோரின் உழைப்பு நீண்ட காலம் தேவைப்படுவதும் விலை உயர்வுக்குக் காரணங்களாகும்.

சட்ட நிலை

இந்தியாவில் 2021-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த தனிப்பயன் ஊர்திகளைத் தொன்மை ஊர்தியாகப் பதியலாம். கட்டணம் ரூ. 20,000, மறுபதிவிற்கு ரூ. 5,000. ஆனால் உடற்பகுதியோ எந்திரமோ பெரிதும் மாற்றப்பட்டிருத்தல் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றிற்கன்றி அன்றாடப் பயன்பாட்டிற்கு ஓட்டவும் இயலாது. வாடகைக்கும் சரக்கிற்கும் பதியப்பட்ட மெட்டடோர்கள் இவ்விதியின்கீழ் வாரா.

வழக்கமான பதிவில் தொடர விரும்பினால் செலவு கூடுகிறது. 2025 ஆகஸ்டு அறிவிக்கை, 20 ஆண்டு கடந்த இலகு ஊர்திகளின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை ரூ. 10,000 ஆகவும், இறக்குமதியான நான்கு சக்கர ஊர்திகளுக்கு ரூ. 80,000 ஆகவும் உயர்த்தியது. மேலும், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக ஊர்தியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், பழைய வேனைத் தாமே முகாம் ஊர்தியாக்குவது எளிதன்று.

கேரளா 2021-இலும் தமிழ்நாடு 2023-இலும் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கைகளில் கேரவன் சுற்றுலா இடம்பெற்றுள்ளது. இவை புதிய ஊர்திகளையே நோக்கமாகக் கொண்டவை. பழையவற்றைப் பொறுத்தவரை, மாற்றாமல் காட்சிக்கு வைப்பது, உயர்ந்த கட்டணம் செலுத்தி ஓட்டுவது என்னும் இரு வழிகளே உரிமையாளர்களுக்கு உள்ளன.