சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

மாசி மகத்தையொட்டி விருத்தாசலத்தில் கூட்டம் சேரும் நாள்களில், என் சிறுவயதில், ஆற்றங்கரையை அடுத்த பொட்டலில் மரணக்கிணறு போடுவார்கள். பலகைகளை நிறுத்திக் கட்டிய வட்டக் கிணறு. மேல் விளிம்பில் நாம் நின்று குனிந்து பார்க்க, கீழிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் சுழன்று சுழன்று சுவரில் ஏறி வருவார். என்னை அங்கே தூக்கிச் சென்றவர் என் தாய்மாமா. நான் வாயைப் பிளந்து நின்றபோது, "இது வித்தைடா. பந்தயம் பாக்கணும்னா சோழவரம் போகணும்" என்றார்.

மாமா எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் சில காலம் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போனவர். வடசென்னையில் இருந்த ஆண்டுகளில் சோழவரம் பந்தயத்தை அவர் ஒருமுறையும் தவறவிட்டதில்லை. இலக்கியம் படித்த எனக்கு அந்தப் பெயர் ஒரு சோழ மன்னனின் ஏரியாகத்தான் முதலில் ஒலித்தது. பின்னாளில்தான் அது ஒரு போரின் எச்சம் என்று புரிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது தென்னிந்தியாவின் பல இடங்களில் அவசரமாக விமான ஓடுதளங்கள் போடப்பட்டன. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரம் அவற்றுள் ஒன்று. எங்கள் ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உளுந்தூர்பேட்டையிலும் அப்படியொன்று உண்டு. போர் முடிந்தது, விமானங்கள் போயின, நீண்டு கிடந்த தளங்கள் மட்டும் எஞ்சின. இங்கிலாந்திலும் இதே கதைதான். இன்று உலகப் புகழ் பெற்ற சில்வர்ஸ்டோன் பந்தயத் தடம் 1943இல் குண்டுவீச்சு விமானங்களுக்காகத் திறக்கப்பட்ட தளம். 1948இல் அங்கே கார்ப் பந்தயம் தொடங்கியது. கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரிலும் விமானத் தளத்தில்தான் பந்தயம் நடந்தது. கொல்வதற்காகப் போட்ட பாதையில் மனிதன் விளையாடத் தொடங்கியதை, போருக்குப் பிந்தைய வரலாற்றின் நல்ல பக்கங்களுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தோன்றியது. அக்கழகத்தின் முயற்சியால் சோழவரம் ஆண்டுதோறும் சில நாள்களுக்கு மட்டும் பந்தயத் தடமாக உருமாறியது. பெரும்பாலும் பிப்ரவரி மாதம். வெயில் கடுமையாகும் முன். நிரந்தர அரங்கம் கிடையாது. வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவைப்பார்கள் என்றும், எண்ணெய்ப் புகையின் வாசம் இரண்டு நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது என்றும் மாமா சொல்லுவார். ஒரு பக்கம் சீமான்களின் வெளிநாட்டுக் கார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் கார் ஒன்றையே அங்கு ஓட்டினார். மறு பக்கம் மோட்டார் சைக்கிள்கள். பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்த மாமாவைப் போன்றவர்களின் கண்கள் இரண்டாவதன் மேல்தான் இருந்தன. அந்த வண்டியை என்றேனும் ஒருநாள் தானும் வாங்கலாம் என்ற நம்பிக்கை அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அந்த வண்டிகளின் வரிசையிலேயே இந்தியத் தொழில் வரலாற்றின் ஒரு கிளை அடங்கியிருக்கிறது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 1961இல் மைசூரில் ஜாவா வண்டிகளின் உற்பத்தி தொடங்கியது. 1973 முதல் அவை யெஸ்டி என்ற பெயரில் வந்தன. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1983இல் ராஜ்தூத் 350, 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலம். பந்தயத்துக்கென்று தனி வண்டி வாங்க வழியில்லாதவர்கள், தெருவில் ஓடும் வண்டியைக் கழற்றி, அறுத்து, அரைத்து, எடை குறைத்துத் தாமே பந்தய வண்டியாக்கினார்கள். கோயம்புத்தூரின் கரிவரதன் போன்ற வடிவமைப்பாளர்கள் அந்தப் பட்டறைப் பண்பாட்டின் உச்சம். 1995இல் வானூர்தி விபத்தில் மறைந்த அவர் பெயரால், 2003இல் கோவை செட்டிப்பாளையத்தில் ஒரு பந்தயத் தடம் அமைந்தது.

மேலை நாடுகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் வேறொரு வழியிலும் வளர்ந்தது. ஸ்பீட்வே என்பார்கள். 1923இல் ஆஸ்திரேலியாவின் மெய்ட்லாண்டில் பிறந்து, 1928 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹைபீச்சுக்கு வந்த விளையாட்டு அது. நீள்வட்ட மண் தடம், நான்கு வீரர்கள், நான்கு சுற்று. வண்டிக்குப் பிரேக் கிடையாது, ஒரே கியர். முதல்வனுக்கு 3 புள்ளி, அடுத்தவனுக்கு 2, மூன்றாமவனுக்கு 1, கடைசியாக வருபவனுக்கு ஒன்றுமில்லை. 1929இலேயே அங்கு லீக் முறை வந்துவிட்டது. அதாவது ஒரு வீரன் தனக்காக மட்டும் ஓட்டுவதில்லை. தன் ஊர் அணிக்காக ஓட்டுகிறான். இன்றும் போலந்தின் முதல்நிலை லீக்கில் லெஷ்னோ போன்ற நடுத்தர ஊர்கள் தலைநகரங்களின் பெருமிதத்தோடு மோதுகின்றன. ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் வென்றும் தோற்றும், இறுதிப் பட்டியலில் தன் ஊரின் பெயர் எங்கே நிற்கிறது என்று மக்கள் தேடுகிறார்கள்.

நம்மிடம் அந்த ஊர்ப்பற்று இல்லாமல் இல்லை. ரேக்ளா வண்டிக்கும் மஞ்சுவிரட்டுக் காளைக்கும் ஊரின் பெயர் உண்டு. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு அது வாய்க்கவில்லை. சோழவரத்தில் ஓட்டியவர்கள் தனியாகவோ, ஒரு நிறுவனத்தின் சட்டையை அணிந்தோ ஓட்டினார்கள். நகரங்களில் திடல் அமைத்து அணிகளாக மோதும் சூப்பர்கிராஸ் லீக் ஒன்று 2024இன் தொடக்கத்தில்தான் இந்தியாவில் நடந்தது. புணே, அகமதாபாத், பெங்களூரு என்ற மூன்று பெருநகரங்களோடு அந்த முதல் பருவம் முடிந்துவிட்டது.

சோழவரத்தின் காலம் எண்பதுகளோடு முடிந்தது. 1990இல் அதே கழகம் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடத்தைத் திறந்தது. 3.717 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன் பட்டத்துக்கான சுற்றுகள் இங்கும் கோவையிலும் நடந்துவந்திருக்கின்றன. ஜெகன் குமார் போன்ற சென்னை வீரர்கள் அப்பட்டத்தைப் பலமுறை வென்றார்கள். பெண்களுக்கெனத் தனிப் பிரிவும் வந்தது. தமிழ்நாடு இந்தியப் பந்தயத்தின் தாய்வீடு என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் இவ்வரலாற்றை வெற்றிப் பட்டியலாக மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் இயலவில்லை. சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் உளுந்தூர்பேட்டைச் சாலையில் இரவு நேரத்தில் நண்பனோடு பந்தயம் வைத்து ஓட்டி இறந்தான். வயது 19. வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவன்; கல்லூரி வாயிலில் நானே இரண்டுமுறை கண்டித்திருக்கிறேன். கண்டித்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரம் நான் வகுப்பில் நடத்தவேண்டியிருந்தது அகநானூற்றின் நான்காம் பாட்டு. குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. வினைமுடித்து மீளும் தலைவன் தேரில் விரைந்து வருகிறான். வழியில் பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக்கூடாது என்பதற்காகத் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்திருக்கிறான். தோழி தலைவிக்குச் சொல்லும் ஆறுதல் இது. பல ஆண்டுகளாக இதை அருளுணர்வுக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லிக் கடந்திருக்கிறேன். அன்று அப்படிக் கடக்க முடியவில்லை. மருதனார் வேகத்தைப் பழிக்கவில்லை. வேகம் அவருக்குக் காதலின் அடையாளம். அவ்வேகம் யார்மேல் போய் விழும் என்று எண்ணிப் பார்க்கும் மனத்தைத்தான் அவர் பாடுகிறார். காலியாகக் கிடந்த கடைசி பெஞ்சைப் பார்த்தபடி இதைச் சொல்லி முடித்தேன்.

தடம் இருந்தால் சாவு இருக்காது என்று நான் வாதிட வரவில்லை. 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையிலேயே பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். பதின்மூன்று வயதில் அங்கே ஓட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. அது இன்னும் கேட்கப்படவேண்டும். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அச்சாவுக்குப் பிறகு அன்றும் மறுநாளும் நடக்கவிருந்த பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. தடத்தில் ஒருவன் விழுந்தால் கொடி அசைகிறது, மருத்துவர் ஓடுகிறார், பொறுப்பானவர் யார் என்று கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. என் மாணவன் விழுந்த இடத்தில் அதிகாலைப் பேருந்து வழக்கம்போல் போயிருக்கிறது.

மாமா இப்போது இல்லை. அவர் விட்டுச்சென்ற பொருள்களில் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு பந்தய வண்டியினது என்பார். அதன் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியைக் காட்டி, "இதுவும் நம்ம ஊரு சூளை ஜாதிதான். இது தாங்கலைன்னா எந்த வண்டியும் ஓடாது" என்று பெருமைப்படுவார். உள்ளே தீயும் மின்சாரமும் பாயும்போது, அவற்றை அவற்றுக்குரிய இடத்திலேயே நிறுத்திவைப்பது அந்தச் சிறிய பீங்கான்.

உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தின் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் சோழவரம் நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கு இரண்டே நாள், வைக்கோல் கட்டுகள், தலைக்கவசம், ஒரு மருத்துவர், ஓர் ஆம்புலன்ஸ், விருத்தாசலத்துக்கு ஓர் அணி, நெய்வேலிக்கு ஓர் அணி. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு சிலர் இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். நம் பிள்ளைகள் வேகமாகப் போவார்கள். எங்கே போவது என்பதை மட்டுமாவது நாம் அவர்களோடு உட்கார்ந்து பேசலாம்.